நிலாவுக்கு போறது சரி, திரும்பி வர்றது?

நிலாவுக்கு மறுபடி ஆள் அனுப்புற நாசாவோட ஆர்ட்டெமிஸ் திட்டம்னாலே எல்லாரும் ராக்கெட்டைப் பத்திதான் பேசுறாங்க, எனக்கு என்னவோ ஆள் உக்கார்ற ஓரியன் கேப்சூலோட அடியில இருக்கிற ஹீட் ஷீல்டு (வெப்பக் கவசம்) மேலதான் கண்ணு. நிலாவுல இருந்து திரும்பும்போது மணிக்கு கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர் வேகம், வெளிய 2,700 டிகிரிக்கு மேல சூடு, நடுவுல அந்த ஷீல்டுல இருக்கிற அவ்கோட்ங்கிற பொருள் மட்டும்தான்.

2022 நவம்பர்ல ஆர்ட்டெமிஸ் 1 ஆளில்லாம போச்சு, டிசம்பர் 11 அன்னிக்கு பசிபிக்ல பத்திரமா வந்து இறங்குச்சு. அப்புறமா ஷீல்டை பார்த்தா 100க்கும் மேற்பட்ட இடத்துல கருகின அவ்கோட் துண்டு துண்டா பெயர்ந்திருக்கு! அது கருகி கொஞ்சம் கொஞ்சமா தேயத்தான் செய்யும், அதுக்குத்தான் அதை வச்சிருக்காங்க, ஆனா இப்படி பெயர்ந்து வரக்கூடாது.

காரணத்தை கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஓரியன் ஒரே மூச்சுல கீழ இறங்கல, காத்து மண்டலத்துல ஒரு முங்கு முங்கி, மேல எழும்பி, மறுபடி இறங்குச்சு. அந்த இடைவெளியில வெளிச்சூடு குறைஞ்சுது, ஆனா உள்ள இறங்கின சூடு கேஸை உண்டாக்கிக்கிட்டே இருந்துச்சு, மேல கருகுறது மந்தமானதால கேஸ் வெளியேற வழியில்லாம வெயிட் அடைச்ச குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி விரிசல் விட்டுருச்சு. தரையில டெஸ்ட் பண்ணப்போ இதைவிட அதிக சூடு வச்சிருக்காங்க, அதுல மேல்பக்கம் நல்லா கருகி கேஸ் சுலபமா வெளியேறிருச்சு, அதனாலதான் பிரச்சனை கண்ணுலயே படல. சூடு குறைஞ்சதுதான் வினைன்னு யாரு நினைப்பா? ஷீல்டுலயே கேஸ் வெளியேற வழி இருந்த பகுதிகள்ல விரிசலே இல்லையாம், அதுதான் பெரிய தடயம்.

ரீட் வைஸ்மன், விக்டர் க்ளோவர், கிறிஸ்டினா கோச், கனடாக்காரர் ஜெரமி ஹேன்சன், இந்த நாலு பேரை 2023 ஏப்ரல்லயே, ஆளோட நிலாவைச் சுத்தி வர்ற ஆர்ட்டெமிஸ் 2க்கு அறிவிச்சாச்சு. அவங்க கேப்சூல்ல ஷீல்டை ஏற்கனவே மாட்டியும் வச்சிருந்தாங்க. அதை கழட்டாம, இறங்குற பாதையை மட்டும் மாத்தி அதே ஷீல்டோட அனுப்புறதுன்னு 2024 டிசம்பர்ல நாசா சொன்னப்போ எனக்கு முதல்ல பக்குனு இருந்துச்சு. ஆனா ஆர்ட்டெமிஸ் 1ல அவ்வளவு பெயர்ந்தும் கேபினுக்குள்ள 24 டிகிரி மாதிரிதான் இருந்திருக்கு, உள்ள ஆள் இருந்திருந்தாலும் பத்திரமா வந்திருப்பாங்க. அதைப் படிச்சப்புறம் முடிவு நியாயம்தான்னு தோணுச்சு. இதுக்காக மிஷனை தள்ளிப்போட்டாங்களேன்னு நிறைய பேர் குறைப்பட்டாங்க, என்னைக் கேட்டா அந்த தாமதம் வேணும், ஏன்னா உள்ள உக்கார்றது மனுஷங்க. அடுத்த ஓரியன்கள்ல கேஸ் எல்லா பக்கமும் ஒரே சீரா வெளியேறுற மாதிரி அவ்கோட் தயாரிக்கிற முறையையே மாத்துறாங்க.