ஒன்ராறியோவுக்கு வழி விடுங்கோ

சித்திரை மாதத்துக் கொழும்பு வெயில் பின்னேரம் ஐந்து மணிக்கும் இறங்காது. புறக்கோட்டையில் வேலை முடிந்து, ஒல்கொட் சிலையைத் தாண்டிக் கோட்டை ஸ்டேசனுக்குள் போனால் வெளியை விட உள்ளே புழுக்கம். நான் போகவேண்டியது வெள்ளவத்தைக்கு. கரையோரப் பாதையில் போகிற ஏதாவதொரு கோச்சியில் ஏறினால் போதும். ஆனால் முதலில் வருகிறதை வேண்டுமென்றே விட்டுவிடுவேன், சிலவேளை அடுத்ததையும். வீட்டில் கேட்டால் "சரியான சனம்" என்பேன். அது பொய்யுமில்லை.

உண்மையான காரணம் எஞ்சின்கள். இலங்கையில் மின்சார ரயில் இன்னும் ஓடவில்லை, எல்லாம் டீசல்தான். அதுவும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவை. மேம்பாலப் படியில் கொஞ்ச நேரம் நின்றால் 1979இல் மேற்கு ஜெர்மனி அனுப்பிய எம் 6 வகை எஞ்சின், இந்தியாவின் வாரணாசியில் செய்த எம் 8, எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கிற சீனத்துப் பவர் செட் என்று உலகமே முன்னால் போகும். பவர் செட்டில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. எஞ்சின் தனியாக, பெட்டி தனியாக இருந்தால்தான் அது கோச்சி.

என் ஆள் எம் 2. கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின், முதல் தொகுதி வந்தது 1954இல். கனடா மாகாணங்களின் பெயர்தான் இவற்றுக்கு: 569ஆம் இலக்கம் ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா. எங்கட சனம் பெட்டி கட்டிக்கொண்டு ஒன்ராறியோவுக்குப் போக முப்பது வருசம் முந்தியே ஒன்ராறியோ இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்துவிட்டது! ஸ்காபரோவில் இருக்கிற மச்சானுக்கு ஒருநாள் வீடியோ எடுத்து அனுப்பினேன். "டேய், இது இங்க செய்ததோ?" என்று கேட்டான். லண்டன் என்ற ஊரில், உங்கட மாகாணத்து லண்டனில்தான் என்று எழுதினேன். "இங்க கோ ட்ரெயினும் டீசல்தான். ஆனா இந்தச் சத்தம் இல்லையடா" என்று பதில் வந்தது.

சத்தம்தான் விசயம். எம் 2 டூ ஸ்ட்ரோக். பன்னிரண்டு சிலிண்டரும் எஞ்சின் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். அதனால் இடைவெளியில்லாத ஒரு முழக்கம், நெஞ்சுக்குள் கேட்கும். எம் 4உம் கனடாதான், 1975இல் மொன்றியலில் இருந்து வந்தது, ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக். சும்மா நிற்கும்போது இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி இடிக்கிற மாதிரி, ஒரு இடி பலமாக, அடுத்தது கொஞ்சம் பிந்தி விழும். கண்ணை மூடிக்கொண்டே எது நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

புறப்படும்போது பாருங்கோ. கார்ட் பச்சைக் கொடி காட்டுவார், எஞ்சின் நீளமாக ஒரு ஹோர்ன் அடிக்கும். எம் 4இன் சாரதி த்ரொட்டிலைக் கூட்டியதும் எண்ணெய் உடனே பாய்ந்துவிடும். காற்றைத் தள்ளுகிற டர்போ வேகம் பிடிக்கத்தான் நேரமெடுக்கும். அந்த இடைவெளியில் எரிய வேண்டியது சரியாக எரியாமல் கரும்புகையாகக் கூரைக்குக் கிளம்பும். பிறகு டர்போ விசிலடிக்கத் தொடங்கினால் புகை மெலிந்து சாம்பல் நிறமாகும். எம் 2இல் டர்போ இல்லை. காற்றூதுகிற புளோவரை எஞ்சினே பல்லுச்சில்லால் சுற்றுவதால் இந்தக் கூத்து குறைவு.

போன கிழமை அப்படியொரு புகை எழும்பியபோது பக்கத்தில் நின்ற அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு என்னை முறைத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றதுதான் பிழை போல. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தினமும் வேலைக்கு வந்துபோகிற ஆளுக்கு இந்தப் புகையும் நெரிசலும் ரசிக்கிற விசயமா? பாணந்துறை வரைக்கும் மின்சார ரயில் விடுகிற பேச்சு எவ்வளவோ காலமாக நடக்கிறது. வரட்டும், கரையோரச் சனத்துக்கு அது கட்டாயம் வேண்டும். அப்புறம் நானும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவேன். சாட்டுச் சொல்லத்தான் வேறு ஏதாவது தேட வேண்டிவரும்.