பத்மினி கரும்புகை கக்கிய வாரங்கள்

நவம்பர் 3, திங்கள்
புகைச் சோதனையில் பத்மினி கார் ஃபெயில். கார்பன் மோனாக்சைடு 6.2 சதவீதம். 2000-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு 3 சதவீதம் வரைதான் விடுவார்கள். சர்டிபிகேட் இல்லாமல் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) கிடையாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்
நாலு பிளக்கையும் கழற்றினேன். நாலும் ஒரே கருப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, விரலில் ஒட்டுகிற உலர்ந்த கரி. எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டும். ஒன்று மட்டும் கருத்திருந்தால் அந்த சிலிண்டரோடு தேடல் முடிந்திருக்கும். நாலும் என்றால் பெட்ரோல்தான் அதிகம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், அதே புகை. சோக்கை (குளிரில் கிளப்ப பெட்ரோலைக் கூட்டுவது) உள்ளே தள்ளிவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர் பக்கத்து லீவரைத் தொட்டுப் பார்த்தேன், முழுக்கத் திரும்பியிருக்கிறது. சுலபமான காரணம் இரண்டும் போச்சு.

நவம்பர் 5, புதன்
மழை. பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டின் துளையை யாராவது கம்பி விட்டுக் குத்தியிருப்பார்களோ என்றே மனசு ஓடுகிறது. பித்தளை. துளை பெருத்தால் பெருத்ததுதான்.

நவம்பர் 6, வியாழன்
மெக்கானிக் தம்பி வந்தான். "எத்தனால் பெட்ரோல் வந்ததுல இருந்து பழைய வண்டி எல்லாம் இப்படித்தானுங்ண்ணா. கார்பெட்டரையே மாத்திப்போடலாமுங்." ரப்பர் ஊறிக் கெடுவது உண்மை. ஆனால் எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அதே ஜெட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வந்தால் கலவை மெலியத்தான் செய்யும், கரும்புகை எப்படி வரும்? வாதாடவில்லை. மிக்சர் ஸ்குரூவில் கை வைக்கப் போனவனை மட்டும் தடுத்தேன். அந்த ஸ்குரூவின் ராஜ்ஜியம் ஐட்லிங்கோடு, வண்டி நின்றபடி ஓடுகிறபோதோடு சரி. சத்தி ரோட்டில் அறுபதில் போகும்போதும் புகைகிறதே!

நவம்பர் 7, வெள்ளி
ரிசல்ட் திங்கட்கிழமையாம். போன வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னார்கள்.

நவம்பர் 8, சனி
தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தேன். பெட்ரோல் வாசம். அளவு ஏறவில்லை. பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கி அளவு ஏறியிருக்கும். அப்படியானால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது. எப்படியும் ஆயில் மாற்றணும். "இது மனுசன் தூங்கற நேரமுங்க" என்று ஜன்னலில் இருந்து வீட்டுக்காரியின் குரல். அவளுக்கும் தூக்கம் இல்லை. எல்லாம் நல்லபடி ஆனால் பண்ணாரி அம்மன் கோயிலுக்கு வருவதாக வேண்டியிருக்கிறாள். போகலாம். ஆனால் அதற்கு மேலே திம்பம் மலைப்பாதை ஏறச் சொல்லக் கூடாது. 27 கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகக் காற்று மெலியும், கலவை இன்னும் கெட்டியாகும்.

நவம்பர் 10, திங்கள்
சூடாக ஓட்டி நிறுத்தி, டார்ச் அடித்துக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தேன். எஞ்சின் நின்ற பிறகும் நாசிலில் (பெட்ரோல் வரும் குழாய் முனை) பெட்ரோல் சொட்டுகிறது! மூடியைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினேன், குமிழி இல்லை, ஓட்டை இல்லை. ஃப்ளோட் உயர்ந்ததும் பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வைத் திருகி எடுத்தால் அடியில் வாஷரே இல்லை. இந்த சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தை வைப்பதே அந்த வாஷரின் கனம்தான். அது இல்லாவிட்டால் வால்வு மேலே ஏறி உட்காரும், ஃப்ளோட் இன்னும் உயர்ந்தால்தான் மூடும், மட்டம் ஏறி வழியும். போன வருஷம் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் மாற்றிய புண்ணியவான் வாழ்க. ஜெட்டையும் பார்த்தேன். எண் பொறித்திருக்கிறது, துளை அதே அளவா என்று எண் சொல்லுமா?

போன் இல்லை.

நவம்பர் 12, புதன்
கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாஷர் கிடைத்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போனேன். பெரிய டாக்டர் பார்த்த பிறகுதான் சொல்வார்களாம்.

நவம்பர் 13, வியாழன்
வாஷர், புது பிளக், புது ஆயில். சொட்டு நின்றது. மறுபடி சோதனை: 3.4. ஜெட்டோ?

நவம்பர் 14, வெள்ளி
இனி மிக்சர் ஸ்குரூவைத் தொடலாம். கால் சுற்று உள்ளே. ஐட்லிங் கொஞ்சம் தடுமாறியது, வேகத்தைக் கூட்டி வைத்தேன். சோதனைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கையில் போன் வந்தது. நாளை பத்து மணிக்கு எல்லோரையும் வரச் சொல்கிறார்கள். எல்லோரும் எதற்கு?

2.7. பாஸ். ஏழு மணிக்காவது கிளம்பணும். பஸ்ஸிலா, இதிலேயா என்று இன்னும் முடிவாகவில்லை.