மூன்றரைக் கிலோ காற்று

பாம்பனில் காற்றுக்குப் பஞ்சம் கிடையாது. பழைய ரயில் பாலம் இருந்தவரைக்கும், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். காயப்போட்ட கைலி எந்த வீட்டு முருங்கை மரத்தில் தொங்குகிறது என்று சாயங்காலம் தேடிப் போகிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அமெரிக்காவிலிருந்து மூன்றரைக் கிலோ காற்றைக் காசு கொடுத்து வரவழைத்தேன்.

ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். எல்லைக்கோடு தாண்டாமல் இருக்க ஜிபிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு ஆசை, மீன் காட்டுகிற மிஷின் மேல். ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் விலை கேட்டார், இருபத்தைந்தாயிரம் என்றார்கள். "நீதான் எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டே இருக்கியே, மலிவா எங்கயாச்சும் இருக்கான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். அமெரிக்கக் கடை ஒன்றில் 129 டாலர். பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சம். ஆனால் அவர்கள் இந்தியாவுக்கு அனுப்ப மாட்டார்களாம். அதற்கும் வழி இருந்தது. பார்சல் பார்வர்டிங் என்று ஒரு சேவை. அங்கே நம் பெயருக்கு ஒரு முகவரி கொடுப்பார்கள். கடை அந்த முகவரிக்கு அனுப்பும், அவர்கள் வாங்கி வைத்து, நமக்குத் தட்டிவிடுவார்கள். கீழக்கரைப் பக்கம் ஒவ்வொரு துபாய் மச்சானும் காலங்காலமாகச் செய்துவருகிற வேலைதான். மச்சான்கள் பில் போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கிடைத்தது ஆரிகன் மாநிலத்து முகவரி. அங்கே விற்பனை வரி கிடையாது, அதனால் இந்தத் தொழில்காரர்களுக்கு அந்த மாநிலத்தின் மேல் தனிப் பிரியம். என் பெயர், அதன் கீழே ஒரு அறை எண், போர்ட்லேண்ட். அம்மாவிடம் காட்டியது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் "மவனுக்கு அமெரிக்காவுல அட்ரஸ் இருக்கு" என்று கோயில் வாசல் முழுக்கச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தரகர் வந்து, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டார். அது ஒரு அலமாரித் தட்டு என்று நான் சொன்னதை, அடக்கமான பையன் என்று எடுத்துக்கொண்டார்.

பொருள் குடோனுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெயில். எடை ஒன்றரைக் கிலோ. கட்டணம் ஒன்பதரைக் கிலோவுக்கு.

ஏதோ கைத்தவறு என்று எழுதிக் கேட்டேன். பாடமே நடத்திவிட்டார்கள். விமானத்தில் எடையைவிட இடம்தான் பெரிசாம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுக்க வேண்டும். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கூலி. கடைக்காரன் என் மிஷினை 45க்கு 35க்கு 30 பெட்டியில் போட்டிருந்தான். பெருக்கி வகுத்தால் 9.45. கணக்கில் குற்றமே சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சித்தப்பாவிடம் சொன்னேன். வலையை முடிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம யாவாரி நண்டை நிறுக்கும்போது ஐஸ், தண்ணின்னு கழிப்பான். இவன் காத்தையும் சேத்து நிறுக்கானா? அவன்கிட்டப் போய் யாவாரம் படிக்கணும்டா."

ஐந்து டாலர் கொடுத்தால் சின்னப் பெட்டிக்கு மாற்றித் தருவோம் என்றார்கள். கொடுத்தேன். 40க்கு 30க்கு 20 ஆயிற்று, கன எடை 4.8, கட்டணம் 5 கிலோவுக்கு. அப்போதும் மூன்றரைக் கிலோ காற்று மிச்சம். கூடவே நான் ஆசைப்பட்டு வாங்கியிருந்த பவர் பேங்கை, லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத்தில் ஏற்ற முடியாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அது இன்னமும் என் அமெரிக்க வீட்டில்தான் குடியிருக்கிறது.

சென்னை வந்ததும் ஆதார், பில் நகல் எல்லாம் கேட்டார்கள், அனுப்பினேன். சுங்கவரி போடுவது பொருளின் விலைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். விமானக் கூலி, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கு வரி. வரியையும் சேர்த்த தொகைக்கு ஐஜிஎஸ்டி. அதாவது காற்றுக்குக் கூலி, கூலிக்கு வரி, வரிக்கும் வரி. எல்லாம் போட்டுப் பார்த்தால் ராமேஸ்வரத்துக் கடை விலையைவிட நானூறு ரூபாய் கூட. சித்தப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு ஐந்து நாளில் வந்த பார்சல், ராமநாதபுரம் தாண்ட நான்கு நாள் மறுத்தது. கடைசியில் நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

பெட்டியைத் திறந்தால், உள்ளே தலையணை தலையணையாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள். நான் பணம் கட்டிய காற்று, கண் முன்னால். சித்தியின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக மிதித்து டமார் டமார் என்று உடைத்தார்கள். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "திருவிழாவுக்கு வெடி வாங்கியாந்தியாப்பா?" என்றாள்.

மிஷின் நன்றாக இருந்தது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்குகிற அதன் உணரியைப் படகின் பின்பக்கம் மாட்டுகிற இரும்புப் பட்டையைத்தான் காணோம். பெட்டி மாற்றியபோது பழைய பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கிறது. எழுதிக் கேட்டதற்கு, தனியாக வாங்கி எங்கள் முகவரிக்கே அனுப்புங்கள் என்று அன்பாகப் பதில் போட்டார்கள். எனக்கு அந்தப் பெருக்கல் கணக்கு ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

அப்புறம் படித்துப் பார்த்தால், பட்டையே தேவையில்லை. கெட்டியான ஃபைபர் வழியாக ஒலி தாராளமாகப் போகும். உணரியைப் படகின் உள்பக்கம் அடித்தட்டில் ரெசின் ஊற்றி ஒட்டிவிடலாம். ஒரே நிபந்தனை, நடுவில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஒலி அங்கேயே மடங்கிவிடும். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பதத்தில் ஒரு மணி நேரம் ரெசினை அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

நாட்டுப்படகுகள் போகிற நாளில் நானும் கூடப் போனேன். வடகடலில் கொஞ்சத் தூரம் போனதும் மிஷினைப் போட்டேன். ஆழம் 30 என்றது. சித்தப்பா தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அஞ்சு பாகம்டா" என்றார். போச்சு, மிஷின் கோளாறு என்று எனக்குக் குலை நடுங்கியது. பிறகுதான் உறைத்தது, அது அடிக்கணக்கு. ஆறடி ஒரு பாகம். இருபத்தைந்தாயிரத்து நானூறு ரூபாய் செலவழித்து, சித்தப்பா சொல்வது சரி என்று கண்டுபிடித்திருந்தேன்.

சற்று நேரத்தில் திரையில் பிறை பிறையாகக் கோடுகள். மீன்! சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"தண்ணிக்குள்ள கிடக்குற மீன் இதுக்கு எப்படிடா தெரியுது?"

"ஒலியை அனுப்பும் சித்தப்பா. பெரும்பாலும் மீன் வயித்துல இருக்குற காத்துப் பையில பட்டுத்தான் பலமாத் திரும்பி வரும். நெட்டி இருக்குல்ல, அதுல."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுவும் காத்தைத்தான் தேடுதா?"

"ஆமா."

"கூறல் மீனு ஏலத்துல எதுக்குடா அந்த வெலைக்குப் போவுது? நெட்டிக்குத்தானே?" என்றபடி வலையை எடுத்தார். "அமெரிக்காக்காரன் சரியாத்தான்டா பில்லு போட்டிருக்கான்."