இம்பாலாதானே என்று கடந்து போகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில், மான்போன்ற இரலையான இம்பாலாவின் முதல் கூட்டத்தைக் கண்டதும் கேமரா வெளியே வரும். ஐந்தாவது கூட்டத்தில் "இம்பாலாதானே, வண்டியை எடு" என்பார்கள். சிறுத்தையைத் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பூங்காவின் ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை சுமார் 45 கிலோமீட்டர் தார்ச்சாலை. சாபி ஆறு இடப்பக்கம் கூடவே வருவதால் முன்சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு யோகம். வேக வரம்பு 50. ஆனால் 25ஐத் தாண்டினால் புதருக்குள் எதுவும் தெரியாது. கூட்டம் தென்பட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு இம்பாலாக்களின் காதுகளைக் கவனியுங்கள். நிம்மதியாக மேயும்போது அவை ஆளுக்கொரு பக்கம் திரும்பும். எல்லாத் தலைகளும் ஒரே திசையில் நிலைகுத்தி, தும்மல்போல் சீறல் விடாமல் கேட்டால், அந்தத் திசையில் புதரடியையும் மரக்கிளைகளையும் பைனாகுலரில் அலசுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கணக்கு தப்பும். அது இணைசேரும் காலம். கிடாக்கள் எல்லைச் சண்டையில் சீறும், உறுமும். இரவில் முகாமில் படுத்துக்கொண்டு அந்த உறுமலைச் சிங்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொம்பு கிடாவுக்கு மட்டும்தான், நம் வெளிமானைப்போல. புள்ளிமான் கொம்பு மாதிரி விழுந்து முளைப்பதில்லை.

சினைக்காலம் ஆறரை மாதத்துக்குக் கொஞ்சம் மேல். குட்டிகள் நவம்பர், டிசம்பரில் மழையோடு, சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பிறக்கும். வேட்டை விலங்குகள் தின்றுதீர்க்க முடியாத எண்ணிக்கை. மழை தாமதித்தால் தாய் பிரசவத்தைத் தள்ளிப்போடும் என்று கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டு முழுவதும் குட்டிகளைக் காணலாம்.

மழைக்காலத்தில் பசும்புல், வறட்சியில் இலையும் காயும் தின்னும். அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆற்றோரப் புதர்களில் தேடினால் போதும்.

பின்னங்கால் குளம்புக்கு மேலே கருங்குஞ்சம் இருக்கிறதா பாருங்கள். வேறு எந்த இரலைக்கும் கிடையாது. அதனடியில் வாசனைச் சுரப்பி. இரண்டு இம்பாலாக்கள் எதிரெதிரே நின்று, கீழ்ப்பற்களைச் சீப்பாக்கி ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதி உண்ணி எடுப்பதும் பார்க்கவேண்டிய காட்சி. முறைவைத்து மாறிமாறிச் செய்யும்.

தாவினால் 3 மீட்டர் உயரம், 10 மீட்டர் நீளம். படமெடுக்க ஷட்டர் வேகம் 1/2000 வேண்டும். ஒன்று சாலையைத் தாண்டியதும் வண்டியை நகர்த்தாதீர்கள். மிச்சக் கூட்டம் புதருக்குள் நின்றுகொண்டிருக்கும். அடுத்தடுத்து அதே இடத்தில் தாவும். ஃபோகஸை அங்கேயே வைத்துக் காத்திருங்கள்.