கிரீடத்துக்கு ஸ்ட்ராப் உண்டா?

எங்கள் வீட்டில் ஆனி மாதத்தில் மூண்ட தகராறு சொத்துக்காகவோ டிவி ரிமோட்டுக்காகவோ அன்று. நான்கரை வயதுப் பையன் ஒருவனின் தலைக்காக. யு.கே.ஜி. படிக்கும் என் மகனை, மதுரை எல்லீஸ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குத் தம்முடைய ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் பொறுப்பை என் அப்பா விரும்பி ஏற்றுக்கொண்டிருந்தார். நான் செய்த குற்றம், பையனுக்கென்று சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கி வந்து கூடத்து ஸ்டூலின் மேல் வைத்ததுதான்.

“பூ மாதிரி இருக்கிற பிள்ளை தலையில சட்டியைக் கவுக்கிறதா? கழுத்து தாங்குமாடா?” என்று அப்பா தொடங்கினார்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதைத் தாண்டிய எவரும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகக்கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று நான் சொன்னேன். அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். சட்டம் பேசினால் அவர் பதிலுக்குக் கட்டண விதி பேசுவார். “எங்க பஸ்ல அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. கவர்மென்டே ஆளாகக் கணக்கில் எடுக்காத பயலுக்கு ஹெல்மெட் எதுக்கு?” என்றார். நான்கு வயதுக்குக் கீழே இருந்தாலும் தப்ப முடியாது, அந்தப் பிள்ளைகளுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து ஹெல்மெட்டோடு ஓட்டுபவரின் உடம்போடு பிணைக்கும் வார்ப்பட்டையும் வேண்டும், வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவும் கூடாது என்று நான் அடுத்த விதியை எடுத்து வைத்தேன். அவர் தம்முடைய பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

“உன்னையெல்லாம் நான் எப்படி வளத்தேன்?”

எப்படி என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய கியர் ஸ்கூட்டரில் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அக்கா நசுங்கியிருப்பாள். ஒருக்களித்து உட்கார்ந்த அம்மாவின் மடியில் தம்பியும், தம்பியின் மடியில் அர்ச்சனைக் கூடையும் இருக்க, கார்த்திகைக்குக் கார்த்திகை திருப்பரங்குன்றம் போவோம். “யாருக்காவது ஏதாவது ஆச்சா?” என்று அப்பா கேட்டார். பழங்காநத்தம் அருகே அவர் போட்ட திடீர் பிரேக்கில் ஹேண்டில்பாரில் மோதி என் முன்பல் போனதை நான் நினைவூட்டினேன். “அது பால் பல்லுடா, எப்படியும் விழ வேண்டியது” என்று அவர் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். சிறு பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் பெரிது, அதனால் விழுந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும் என்று விளக்கியபோதும், “தலை பெருசா இருக்கிறது நம்ம வம்ச வாகு” என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார். வேண்டுமானால் ஆட்டோவில் விடலாம் என்ற அவருடைய மாற்று யோசனையை, பத்துப் பிள்ளைகளும் பன்னிரண்டு பைகளுமாகத் தெருமுனையில் திரும்பும் அந்த ஆட்டோவைச் சுட்டிக்காட்டியே தோற்கடித்தேன்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே, “முதல்ல உங்க ஹெல்மெட்டோட ஸ்ட்ராப்பைப் போட்டுப் பழகுங்க” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கொக்கி உடைந்து ஆறு மாதமாகிறது.

சமரசம் அம்மாவால் வந்தது. ஹெல்மெட்டைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்து எடுத்து, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார். 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்பதால் நான் தேடிப் பார்த்து வாங்கிய அந்த முத்திரையின் மீதே குங்குமம் சரியாக அமர்ந்துவிட்டது. கண்ணேறு படாமலிருக்கப் பின்பக்கம் ஒரு மைப்பொட்டும் வைத்தார். பூசை போட்ட பொருளை எதிர்த்துப் பேச அப்பாவுக்கு வாய் வரவில்லை.

இத்தனை பேச்சிலும் யாரும் கருத்துக் கேட்காத பையனுக்கோ அந்தச் சிவப்புச் சட்டியின் மேல் கண்மூடித்தனமான காதல் பிறந்தது. சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. முடிதிருத்தும் கடையில் கழற்ற வைப்பதற்கு இரண்டு கடலை மிட்டாய் செலவாயிற்று. வண்டியில் போகும்போது சிக்னலில் நிற்பவர்களை எல்லாம் பார்த்து, “அங்கிள், ஸ்ட்ராப் போடலை” என்று கூவத் தொடங்கினான். இதுவரை தம் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிப் போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு மாற்றிவந்த அப்பா, பேரன் போடும் சத்தத்துக்கு அஞ்சி வாசலிலேயே அணியத் தொடங்கினார். நான் மறுநாளே கொக்கியை மாற்றினேன்.

அந்த வாரம் ஓர் இரவு, அப்பா அவனுக்குப் பழனிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாரதர் மாம்பழம் கொண்டுவந்து, முருகன் மயிலேறி உலகைச் சுற்றக் கிளம்பும் இடத்தில் பையன் எழுந்து உட்கார்ந்தான்.

“முருகன் ஹெல்மெட் போட்டாரா?”

“சாமிக்கு எதுக்குடா? அவருக்குத்தான் கிரீடம் இருக்கே.”

“கிரீடத்துக்கு ஸ்ட்ராப் உண்டா, தாத்தா?”

முப்பத்திரண்டு ஆண்டுகள் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிய பயணியைக் காலை முதல் டிரிப்பில் பார்ப்பதைப் போலப் பேரனைப் பார்த்தார். முருகனுக்குத் தலைக்கவசம் இல்லை என்று ஒப்புக்கொள்ள அவருடைய கார்த்திகை விரதம் இடம் தரவில்லை. சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்தபின் அவர் முகம் மலர்ந்தது.

“அதுக்குத்தான்டா பிள்ளையார் வண்டியே எடுக்கலை. அம்மா அப்பாவை நடந்தே சுத்தி வந்தாரு. பழம் யாருக்குக் கிடைச்சுது? அவருக்குத்தான்!” என்று சொல்லிவிட்டு, வென்றுவிட்ட களிப்போடு என் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு அவர் காத்திருக்க, பையன் ஏற மறுத்தான். நடந்து போனால்தான் பழம் கிடைக்கும் என்று தாத்தாவே சொல்லியிருக்கிறார் என்பது அவன் வாதம். அழுகை, கெஞ்சல், மணி எட்டரை என்ற எல்லாக் கட்டங்களுக்கும் பிறகு இருவரும் நடந்தே கிளம்பினார்கள்: தோளில் புத்தகப்பையும் கையில் குடையுமாக அப்பா முன்னால் போக, ஸ்ட்ராப்பை இறுக்கிப் போட்ட சிவப்பு ஹெல்மெட்டோடு பையன் பின்னால் போனான். போகிற வழியில் பழக்கடையில் ஒரு மாம்பழமும் வாங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த அப்பா மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். அம்மா காபியை நீட்டியபோது, “இன்னைக்கு ராத்திரி ராமாயணம் ஆரம்பிச்சுடுறேன்” என்றவர், ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். “அதுல புஷ்பக விமானம் வருதோ?”