காதில் சொன்ன பாஸ்வேர்டு

கொழிஞ்சாம்பாறையில் 11 வருடமாக ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பென்ஷன், பான் கார்டு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. லாட்டரி விற்கும் அண்ணன் அப்படியில்லை. பார்வை கிடையாது, ஆனால் போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் குரலை அவர் ஓடவிடும் வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. வாட்ஸ்அப், செய்தி எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். என்னிடம் வருவது பேங்க் வேலைக்கு மட்டும்தான்.

ஒரு நாள் பேங்க் தளத்தைத் திறந்து போனை என் காதருகே பிடித்தார். "பட்டன். பட்டன். பட்டன்."

"இதுல லாகின் எதுங்க தம்பி?"

மூன்றும் அழகான குட்டிப் படங்கள். ஒன்றுக்கும் உள்ளே பெயர் எழுதவில்லை. அதைத் தாண்டினால் நெளிந்து கிடக்கும் கேப்சா எழுத்துகள், காதால் கேட்க வழியில்லை. சரி, நானே செய்கிறேன் என்றேன். பாஸ்வேர்டைக் காதில் சொன்னார். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயமுத்தூரில் வெப்சைட் செய்யும் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "பேர் போட ஒரு வரி போதும் மாமா. கிளையண்ட் கேக்கறதில்ல, நாங்களும் போடறதில்ல" என்றான். கேட்க வைக்கச் சட்டத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. அதற்கான 2017 விதிகள்தான் வழவழா. அவை வெறும் பரிந்துரை போல இருப்பதாகச் சொல்லி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிற அணுகல் தரத்துக்கான 15(1) விதியை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. கட்டாய விதிகள் கொண்டுவர 3 மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. பேங்க்கில் ஆளை உறுதிசெய்யும் கேஒய்சி சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்களே, ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அந்த வழக்கில்தான், இணைய வசதியை எட்டுவதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள்.

சின்னக் கடைக்காரனுக்கும் இதே கட்டாயமா என்று கேட்பார்கள். கொஞ்சம் அவகாசம் தரலாம், அவ்வளவுதான். என் கடைக்கும் ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதில் கட்டணப் பட்டியலைப் படமாகப் போட்டிருந்தேன். அண்ணனின் போன் அதை "இமேஜ்" என்று மட்டும் சொன்னது. அன்று ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்து மாற்றினேன். அதில் பேங்க் வேலைக்கு 30 ரூபாய் என்று இருக்கிறது. பேங்க் தளத்தைச் சரிசெய்தால் அந்த வரியே தேவையிருக்காது.

போன மாதம் வேலை முடிந்ததும் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி, பாஸ்வேர்டை மாத்திரலாம்ங்களா?"

மாற்றிக் கொடுத்தேன். புதியதையும் என் காதில்தான் சொன்னார்.