ஒரே படிவத்தை ஏழு தடவை

ஓர் ஆய்வுக்காகச் சேகரித்த தரவை வேறு ஆய்வாளர்களுக்குத் தரலாமா என்று முடிவு செய்வதுதான் எங்கள் ஆராய்ச்சித் தரவு அணுகல் குழுவின் வேலை. நான் அதில் சேர்ந்த காலத்தில், ஒரு விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். கவனமாகப் பார்க்கிறோம், அதனால்தான் தாமதம் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஒரே மரபணு ஆய்வின் தரவைக் கேட்டு ஏழு விண்ணப்பங்கள். ஏழு தடவையும் அதே ஒப்புதல் படிவத்தை முதலிலிருந்து படித்திருக்கிறோம். "என் இரத்த மாதிரியை இதய நோய் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்று அதில் இருந்தது. நீரிழிவு ஆய்வுக்கு அதைக் கொடுக்கலாமா? ஒரு தடவை சரி என்றிருக்கிறோம், இன்னொரு தடவை கூடாது என்றிருக்கிறோம். நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு இது பெரிய அநியாயம்.

அப்புறம் முறையை மாற்றினோம். தரவு எங்களிடம் வரும்போதே, அதைச் சேகரித்தவர்களோடு உட்கார்ந்து படிவத்தைப் படித்துவிடுவோம். எந்த ஆய்வுக்கும் தரலாமா, மருத்துவ ஆய்வுக்கு மட்டுமா, குறிப்பிட்ட நோய்க்கு மட்டுமா என்று குறித்துவிடுவோம். இதற்கென்றே உலக அளவில் பொதுக் குறியீடுகள் இருக்கின்றன, அவற்றையே எடுத்துக்கொண்டோம். தெளிவான விண்ணப்பங்களை ஒரே உறுப்பினர் முடித்துவிடலாம். சந்தேகமானவை மட்டும் முழுக் குழுவுக்கு வரும்.

பிடி தளர்கிறதே என்று சிலர் பயந்தார்கள். பயத்தில் நியாயம் உண்டு. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியே அடையாளம் காணலாம் என்று 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி கணித்தார். 2008இல், பலருடைய மரபணுத் தரவைத் திரட்டிய தொகுப்பிலும் ஒருவர் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்ததும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் அத்தகைய தொகுப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டன. ஆனால் படிவத்தை ஏழு தடவை படிப்பதால் இந்த ஆபத்து தடைபடாது. எந்தக் கணினியில் பார்ப்பார்கள், பதிவிறக்க முடியுமா, வேலை முடிந்ததும் அழிப்பார்களா என்று கேட்டால்தான் தடைபடும்.

மிச்சமான நேரத்தில் அதைத்தான் கேட்கிறோம். அண்மையில் ஓர் அரிய நோய் ஆய்வின் அட்டவணையில் ஒரு வரியைப் பார்த்தேன். வயது 43, மூன்று குழந்தைகள், மாவட்டம், நோய். பெயர் இல்லைதான். ஆனால் அந்த மாவட்டத்தில் அந்த நோய் உள்ளவர் அவர் ஒருவர்தான். ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு மாவட்டம் தேவையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "தேவையில்லைங்க" என்றார். மாவட்டத்தை நீக்கி, வயதை 40–49 என்று மாற்றி, அன்று மாலையே அனுமதி கொடுத்தோம்.